ஸ்டார்ட் ஆன கார் உடனே அணைந்துபோனால் எங்கே தேடுவது?

செல்ஃப் அடித்து இன்ஜின் பிடித்துவிட்டது என்றால் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் ஒரு கணமாவது சேர்ந்திருக்கின்றன. ஆகவே செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். நான்கு பிளக்கும் ஒரு விநாடி வேலை செய்துவிட்டு ஒன்றுபோல் நிற்பதில்லை. ஆனாலும் இந்தக் கோளாறோடு வரும் வண்டிக்கு முதலில் மாறுவது பிளக், அடுத்து ஃப்யூல் பம்ப். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும் வண்டி பழையபடி அணையும்.

எதையும் கழற்றுவதற்கு முன் வண்டி எப்படி அணைகிறது என்று பாருங்கள். எத்தனை விநாடியில் நிற்கிறது? ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் ஓடுகிறதா? அணையும்போது ஆர்பிஎம் முள் எப்படி விழுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். திறந்த வெளியில், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுச் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் அரை நிமிடம் விடுங்கள். முதலில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களைப் பார்ப்போம். டீசலும் சிஎன்ஜியும் கடைசியில்.

சாவியை விட்ட நொடியில் அணைந்தால்

ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை ஓடி, சாவி ஆன் நிலைக்குத் திரும்பியதும் நிற்கிறதா? இக்னிஷன் ஸ்விட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். இக்னிஷன் காயிலுக்கு வரும் சப்ளை வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். ஆன் நிலையிலும் செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். செல்ஃப் அடிக்கையில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆன் நிலையில் வரவில்லை, ஃபியூஸும் ரிலேயும் சரி என்றால் ஸ்விட்சை மாற்ற வேண்டும். சாவியை லேசாக ஆட்டும்போது மீட்டர் விளக்குகள் மினுக்கினாலும் அதே கதைதான்.

ஒவ்வொரு தடவையும் அளந்து வைத்ததுபோல ஒன்றிரண்டு விநாடியில் நின்றால், திருட்டைத் தடுக்க சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசரைப் பாருங்கள். மீட்டரில் சாவி அல்லது பூட்டு படம் மினுக்கும். ஸ்பேர் சாவியால் முயலுங்கள். அதே கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டு சிப்பும் ஒன்றையொன்று குழப்பும். நுழைத்துத் திருப்பும் சாவியில் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பலனில்லை. உள்ளே இருக்கும் சிப்புக்கு பேட்டரியே கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள காயில்தான் அதற்கு மின்சாரம் தருகிறது.

மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்து 1500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். அங்கே சீராக ஓடி, காலை எடுத்ததும் அணைந்தால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் நன்றாக இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐட்லிங்குக்கு வேண்டிய காற்றுதான் போகவில்லை.

காரணம் பெரும்பாலும், இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி உள்ளே டார்ச் அடியுங்கள். தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேரடியாகப் பீய்ச்சினால் மோட்டார், சென்சார் பக்கம் இறங்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது விரலை விடவே கூடாது. தகட்டை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போய்விடும். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய கார்களில் ஐட்லிங் வால்வு தனியாக இருக்கும். அதைக் கழற்றி முனையையும் அது உட்காரும் துளையையும் துடையுங்கள். முனையைக் கையால் உள்ளே அழுத்தாதீர்கள்.

சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் ஏறி இறங்கும், சில சமயம் முன்னைவிட மோசமாகவும் தெரியும். கரி படியப் படிய, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கும். அந்தக் கணக்கை அது மறுபடி போட வேண்டும். பல கார்களில் ஏசி, விளக்கு எல்லாம் அணைத்துப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் போதும். சிலவற்றை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாகத்தான் ரீசெட் செய்ய முடியும். பேட்டரி மாற்றிய மறுநாளே இந்தத் தொல்லை தொடங்கியதென்றால் காரணம் இதேதான்: பழகிய கணக்கு அழிந்துவிட்டது, கரி மட்டும் அப்படியே இருக்கிறது.

காற்றுக் கசிவும் இதே அறிகுறியைக் காட்டும், ஆனால் எல்லாக் கார்களிலும் அல்ல. ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்துக் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாய் வெடித்திருந்தால் அளக்கப்படாத காற்று புகுந்து இன்ஜின் நிற்கும். த்ராட்டிலுக்கு அப்பால் இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில் கசிவு பெரும்பாலும் ஐட்லிங்கை ஏற்றிவிடும். அந்த வண்டிகளில் குழாய்க் குழாயாகத் தேடுவது பின்னுக்குப் போகலாம்.

பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் அணைகிறதா? டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கும். இன்ஜினை அணைத்து, வால்வின் குழாயைக் கழற்றி ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக் கூடாது. பங்கில் நாசில் தானாகக் கட் ஆன பிறகும் “ரவுண்டா போட்டுடுங்க” என்று சொல்வதை நிறுத்துங்கள். வழியும் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டியை நனைத்துவிடும்.

மிதித்தாலும் நிற்கிறது

இனி பெட்ரோல் பக்கம். சாவியை ஆன் செய்து பின் சீட்டருகே காது கொடுங்கள். சுமார் இரண்டு விநாடி பம்ப் ஓடும் ஓசை கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள். பம்ப் ஓடாமலே ஸ்டார்ட் ஆகுமா என்றால், ஆகும். குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் அந்த ஒரு பிடிக்குப் போதும். சாவியை நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கத்தைவிட நேரம் ஓடினால் அழுத்தம்தான் குறை. பிறகு பிரஷர் கேஜ் வைத்து உறுதி செய்யலாம். காற்று உள்ளே போகும் வழியில் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதாரண போர்ட் இன்ஜெக்ஷனில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான எண் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. குழாயைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனால் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கோடு தெரியும்.

அணையும்போது ஆர்பிஎம் முள் இன்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்காமல், இன்ஜின் இன்னும் சுழலும்போதே சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுழல்வதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் குறியீடு வரலாம். சூடான பிறகு மட்டும் அணைவது இந்த சென்சாரின் குணம். புதிது வாங்கும் முன் வயரை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். நாலைந்து நாள் நிறுத்திய வண்டியில் எலி கடித்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஓபிடி ஸ்கேனர் இருந்தால் பிழைக் குறியீடு வராவிட்டாலும் நேரடி எண்களைப் படியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பம் வெளி வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். 30 டிகிரி காலையில் 90 என்று காட்டினால் இசியூ இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். மேப் சென்சார், இன்ஜின் ஓடாதபோது சென்னையில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77 அளவில் காட்ட வேண்டும்.

டீசல் காரில் அணைவதற்கு முன் ஐந்தாறு விநாடி தடுமாறினால் பெரும்பாலும் டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும், அல்லது டீசல் ஃபில்டரில் தண்ணீர். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்து, ஹேண்ட் பம்ப் இருந்தால் அது கைக்குக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால் அதன் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள். சிஎன்ஜி கிட் போட்ட வண்டி பெரும்பாலும் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி அப்புறம்தான் கேஸுக்கு மாறும். மாதக்கணக்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைபட்டு, மாறுவதற்குள் நின்றுவிடும். டேங்க்கில் ஐந்து லிட்டராவது வைத்து, வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள்.