கால் தயார், மனசு தயாரா? அத்லெடிக் டிரெய்னிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

காயம்பட்ட வீரர்களைத் தேற்றி மறுபடி ஆட வைக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் உடம்பைப் பற்றித்தான் படிப்போம். எந்தத் தசை, எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்டில் எது, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, டேப் எப்படிச் சுற்றுவது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீக்கம் வற்றி, பலம் திரும்பி, எல்லா டெஸ்டும் தேறிய பிறகும் ஒரு வீராங்கனை ஓடி வந்து தாவுகிற இடத்தில் மட்டும் ஒரு நொடி தயங்குவாள். அந்த ஒரு நொடிக்குப் பதில் உடற்கூறியல் புத்தகத்தில் இருக்காது.

முழங்காலின் முக்கியமான லிகமென்ட்களில் ஒன்றான ஏ.சி.எல்.-லில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், காயத்துக்கு முந்தைய நிலைக்கே திரும்பியவர்கள் 65, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். திரும்பாததற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் மறுபடி அடிபடும் என்ற பயமும் முக்கியமானது. இதைக் கையாள உளவியல் பட்டம் தேவையில்லை, சில அடிப்படைகள் தெரிந்து அவற்றைத் தினமும் பழகினால் போதும்.

படி 1: முதல் பத்து நிமிடம் கேளுங்கள்

"வலிக்குதா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்தக் காலை வச்சு எதைச் செய்ய இன்னும் யோசனையா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு எண் கேளுங்கள்: பழையபடி ஆட முடியும் என்ற நம்பிக்கை 0 முதல் 10 வரை எவ்வளவு? அவள் 4 என்றால் "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள், "ஏன் 2 இல்லாம 4?" என்று கேளுங்கள். முதல் கேள்வி குறைகளைத் தேட வைக்கும். இரண்டாவதற்குப் பதில் சொல்லும்போது, "படி இறங்கும்போது இப்ப பிடிச்சுக்கிறதில்லையே அண்ணா" என்று தனக்குச் சாதகமானதை அவளே தன் வாயால் சொல்லிவிடுவாள். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுத ஆரம்பித்த ஊக்க உரையாடல் முறையில் இந்த வகைக் கேள்விதான் கையாளப்படுகிறது. காயத்திலிருந்து மீளப் பயிற்சி தரும் நம் ரீஹாப் அறைக்கும் அப்படியே பொருந்தும்.

படி 2: பயத்தையும் அளந்து எழுதுங்கள்

முழங்கால் மடங்கும் அளவை எழுதுகிறோம், பயத்தை எழுதுவதில்லை. அதற்கும் வினாத்தாள்கள் இருக்கின்றன: ஏ.சி.எல். காயத்துக்குப் பின் ஆட மனசு தயாரா என்று பார்க்க 12 கேள்விகள் கொண்ட ஏ.சி.எல்.–ஆர்.எஸ்.ஐ., அசைவைக் கண்டு வரும் பயத்துக்கு 17 கேள்விகள் கொண்ட டாம்பா அளவுகோல். சில வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் பயம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். கண்ணாலும் பாருங்கள். குதித்து இறங்கும் முன் மூச்சைப் பிடிக்கிறாளா, எடையை நல்ல காலுக்கே தள்ளுகிறாளா, பயிற்சிக்கு முன்னால் அடிக்கடி பேண்டேஜைச் சரி செய்கிறாளா?

படி 3: நம்பிக்கையைக் கட்டுங்கள்

வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் இருப்பதாக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதினார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடம்பு தரும் அறிகுறிகள். இவற்றில் வலுவானது முதலாவது. நாம் பெரும்பாலும் மூன்றாவதையே பிடித்துக்கொண்டு "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

அதனால் ஒரு ஏணி போடுங்கள். முதலில் தாழ்வான பெட்டியிலிருந்து இரண்டு காலில் இறங்குவது, அடுத்து பெட்டியைக் கொஞ்சம் உயர்த்துவது, அடுத்து ஒரு காலில், அப்புறம் பக்கவாட்டில், கடைசியில் பந்தும் எதிராளியும் இருக்கும்போது. ஒவ்வொரு படியும் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் ஜெயிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தைய வீடியோவையும் இன்றைய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது. அதே காயத்திலிருந்து சில மாதம் முன்னால் மீண்ட ஒருவர் இருந்தால் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், இரண்டாவது ஊற்று அதுதான். நெஞ்சு படபடத்தால், உடம்பு தயாராகும்போது அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அந்தப் படபடப்பையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வாள்.

படி 4: தேதியைக் குறிக்கோளாக வைக்காதீர்கள்

"அடுத்த போட்டிக்குள்ள ஆடிடுவேன்" என்பது அவள் கையில் மட்டும் இல்லை, காயம் ஆறுவதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. "இந்த வாரம் நான்கு நாள், ஒரு காலில் உட்கார்ந்து எழுவது மூன்று செட்" என்பது அவள் கையில் இருக்கிறது. எண்ணும் நாளும் உள்ளதாக எழுதி, அவளையே டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: சொல்லும் வார்த்தையை மாற்றுங்கள்

"முழங்காலை உள்ளே விடாதே" என்றால் கவனமெல்லாம் முழங்காலுக்கே போய்விடும், ஏற்கனவே பயந்த இடமும் அதுதான். "சத்தம் வராம இறங்கு", "தரையைத் தள்ளு" என்று சொல்லிப் பாருங்கள். கவனம் உடம்புக்கு வெளியே இருக்கும்போது அசைவு சீராக வருகிறது என்பதை, அசைவுகளைக் கற்பது பற்றி ஆராயும் கேப்ரியல் வுல்ஃப் போன்றவர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

படி 6: எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து நிலைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்–ராஸ் 1969-ல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பார்த்து. அதைக் காயம்பட்ட வீரர்கள் மேல் அட்டவணை மாதிரி பொருத்தி, "இவன் இப்போது கோப நிலையில் இருக்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் ஆகிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, அணியினரைத் தவிர்க்கிறான் என்றால் உளவியலாளரிடம் அனுப்புங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி பேசினால் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், உதவி வரும்வரை கூடவே உட்காருங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேருங்கள். யாரை அழைப்பது என்பதை வேலைக்குச் சேரும் முதல் நாளே விசாரித்து, அந்த எண்ணை முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.