அந்த பீப் சத்தம்தான் வழிகாட்டியது

மகள் ப்ராஜெக்ட் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது வீட்டு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். விட்டுவிட்டு நீளமாக ஒரு பீப். கடையில் மதர்போர்டு (எல்லா பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) போயிடுச்சு, 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள். மாதக் கடைசி. என்னிடம் 500கூட இல்லை.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். மதர்போர்டு முழுக்கச் செத்திருந்தால் பீப் எப்படி வரும்? பல போர்டுகளில் இப்படி நீளமாகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி, ரேம் என்ற தற்காலிக நினைவகப் பட்டையின் கோளாறுக்கு அடையாளம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கினேன். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். இரண்டு ரேமையும் கழற்றிப் பார்த்தால், தங்க நிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் இருபுறமும் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டினேன். ரேம் செருகும் ஸ்லாட்டில் இருந்த தூசை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்தேன். ஒன்றை மட்டும் மாட்டி, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்தினேன்.

திரை வந்தது! மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

இரண்டாவதைப் போட்டதும் மறுபடி பீப். ஸ்லாட் மாற்றியும் அதேதான், எனவே எடுத்து வைத்துவிட்டேன். 4 ஜிபி போதும்.

இன்னொரு தொல்லை: தேதி 2009 என்று காட்டியது, அதனால் பல இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று திறக்க மறுத்தன. அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும், போர்டிலிருந்த சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. வாட்ச் கடையில் 40 ரூபாய். மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். மூன்றாம் நாளே ப்ராஜெக்டை அனுப்பிவிட்டாள்.