விரல் விறைக்கிற காலையில் 250

இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையில் எழுத்து விசைக்கே ஷிப்டையும் ஏற்றியிருந்தால், நுவரெலியா பக்கத்துக் காலைக் குளிரில் 'டேப்பிங் டெர்ம்' (தட்டினதா அமுக்கிப் பிடித்ததா என்று பிரிக்கும் நேர எல்லை) அளவை 250 மில்லிசெக்கனுக்குக் கூட்டுங்கள். விசைப்பலகைக்குள் ஓடும் கியூஎம்கே மென்பொருளில் அது வழமையாக 200. அதைத் தாண்டி அமுங்கியிருந்தால் எழுத்து விசை ஷிப்டாகிவிடும். விறைத்த விரலோ மெதுவாகத்தான் எழும்பும். பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் எஃப் விசைதான் 'க'; 'ட' விசையை ஷிப்டோடு அடித்தால் 'டு'. அதிலேயே ஷிப்டும் இருந்தால், 'கடல்' அடிக்கப் போய் 'டுல்' வந்து நிற்கும்! இந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு லேயரில் (விசைகளின் மாற்று அடுக்கில்) இரண்டு விசை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் பண்ண, அதாவது மென்பொருளை விசைப்பலகையில் திரும்ப ஏற்றத் தேவையில்லை.

ஷிப்டைப் பெருவிரலுக்குத் தனி விசையாக வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். வெயில் ஏறி விரல் இளகியதும் 250 இழுவையாகத் தெரியும். அப்போது 200க்கே இறக்கிவிடுங்கள்.