மாடி வெப்பத் தடுப்பு ஒப்பந்தம்: கணக்கில் இடித்த ஒரு சதுரம்

காரைக்குடி வீட்டு மொட்டை மாடியில் வெப்பத் தடுப்பு ஓடு பதிக்க ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். 30-க்கு 30 அடி மாடி, என் கணக்கில் 9 சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி). மேஸ்திரி ஏறக்குறைய 10 என்றார். நாலு நாள் இழுத்தது. கூலியைக் குறைத்துப் பேசினேன், தெரிந்தவரின் ஒப்பந்தத்தை நகலெடுத்தும் பார்த்தேன். ஆகவில்லை.

அப்புறம் டேப்போடு மேஸ்திரியையே மாடிக்குக் கூட்டிப்போனேன். “அண்ணே, கைப்பிடிச் சுவர் ஓரமா முக்கால் அடி ஏத்திப் பூசணும்ல?” என்றார். சுற்றளவு 120 அடி. அது மட்டும் 90 சதுர அடி! அந்த ஏற்றம் இல்லாவிட்டால் மூலையில்தான் முதலில் ஒழுகும்.

தரை, சுவரோரம் இரண்டுக்கும் தனித்தனி அளவு, விலை எழுதினோம். தண்ணீர் தேக்கி 2 நாள் பார்த்த பிறகே கடைசித் தவணை. அன்றே கையெழுத்தானது, நிம்மதி.