கிட் விமானத்தில் போல்ட், நட் முறுக்குவது எப்படி?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் வேன்ஸ் ஆர்வி போன்ற அமெரிக்க கிட் விமானங்களில் ஏஎன் (அமெரிக்க விமானத் தரநிலை) வகை போல்ட்டுகள்தான் அதிகம். இங்கே பார்க்கப்போவது கால் அங்குல ஏஎன்4 போல்ட்டும் அதற்கான ஏஎன்365 நைலான் நட்டும் (கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்).

1. முதலில் தலையைப் பாருங்கள். ஸ்டீல் ஏஎன் போல்ட்டின் தலையில் நட்சத்திரமோ பெருக்கல் குறியோ இருக்கும். இரண்டு கோடு இருந்தால் அலுமினியம். குறியே இல்லாத கடைத்தெரு போல்ட் பளபளவென்று இருந்தாலும் விமானத்துக்கு ஆகாது.

2. அடுத்து நீளம். ஏஎன்4-7 என்றால் முக்கால் அங்குலத்துக்கு மேல் அரைக்கால், அதாவது 7/8. அடுத்த அளவு 10, அது 1 அங்குலம். 8, 9 என்று கிடையாது. புதியவர்கள் ஆர்டரில் தடுமாறுவது இங்கேதான். கடைசியில் ‘ஏ’ இருந்தால் காட்டர் பின்னுக்கான (நட் கழலாமல் தடுக்கும் கம்பி ஊசி) துளை இல்லை என்று அர்த்தம். நைலான் நட்டுக்கு அதுதான் ஏற்றது. துளையின் பிசிர் நைலானைச் சீவிவிடும்.

3. மரையில்லாத வழவழப்பான பகுதி, இணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். மரை தகட்டுக்குள் உட்கார்ந்தால் அது அரம்போலத் துளையைத் தின்னும். போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் ஏஎன்960-416 வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். பாதித் தடிமனில் ‘எல்’ வகையும் உண்டு.

4. கூடியவரை தலை மேலே அல்லது முன்னால் பார்க்கும்படி நுழையுங்கள். நட் கழன்று விழுந்தாலும் போல்ட் இடத்திலேயே நிற்கும். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம்.

5. இனி முறுக்கு. பிளானிலோ கிட் கையேட்டிலோ அளவு இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி வழிகாட்டி அட்டவணைப்படி இந்த ஜோடிக்கு 50–70 இன்ச்-பவுண்ட் (முறுக்கு விசையின் அலகு), எண்ணெய் படாத மரைக்கு. மரையில் எண்ணெய் இருந்தால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

பலர் விட்டுவிடும் ஒரு கணக்கு உண்டு. நைலானின் இறுக்கத்தைத் தாண்டவே முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஓர் அளவு காட்டும். நட் வாஷரைத் தொடுவதற்குச் சற்று முன், அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதைப் படியுங்கள். 15 காட்டினால் உங்கள் இலக்கு 65–85. இதைக் கூட்டாமல் 50இல் நிறுத்தினால் தகடுகளை நெருக்கப் போவது வெறும் 35தான். இதற்கு, அளவு வந்ததும் சத்தம் தரும் கிளிக் ரெஞ்சைவிட முள் காட்டும் ரெஞ்சே வசதி. எப்போதும் நட்டைச் சுற்றுங்கள், தலையை அல்ல.

பாதி உயர ஏஎன்364 நட்டுக்கு அளவு வேறு: 30–40. அதற்கு 70 கொடுத்தால் மரை பிய்ந்துவிடும்.

நைலான் நட் போடக் கூடாத இடங்கள் இரண்டு. கண்ட்ரோல் இணைப்புகளைப் போல போல்ட் சுழல வாய்ப்புள்ள இடத்தில், மேலே பிளவுகள் உள்ள காசில் நட்டும் காட்டர் பின்னும் வேண்டும். போல்ட்டின் துளை நட்டின் பிளவுக்கு நேராக வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தாமல் வாஷரை மாற்றுங்கள். 121 டிகிரி செல்சியஸைத் தாண்டும் எஞ்சின் பகுதியில் முழு உலோக லாக் நட்.

6. முடிந்ததும் நட்டிலிருந்து தகடு வரை டார்க் சீல் (காய்ந்தபின் நட் நகர்ந்தால் உடையும் வண்ணப் பசை) கோடு ஒன்று இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.

கழற்றிய நட்டை மறுபடி போடலாமா? கால் அங்குல நட்டுக்குக் குறைந்தது 3.5 இன்ச்-பவுண்ட் இறுக்கம் மீதமிருக்க வேண்டும். நைலானைத் தாண்டியும் விரலாலேயே சுற்ற முடிந்தால் குப்பைக்குத்தான்.