சேற்றுக்கும் பனிக்கும் மினி டிராக்டர் டயர்: ஆர்-1 பாருங்கள்

குளிர்நாட்டில் மினி டிராக்டருக்கு டயர் வாங்கும்போது அகலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கவாட்டில் ஆர்-1 (R-1) என்ற டயர் வகைக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். அதன் கட்டைகள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் புடைப்புகள்) உயரமானவை, இடைவெளியும் அதிகம். சக்கரம் சுழலும்போது சேறு தானே உதிர்ந்துவிடும். ஆர்-4 டயரில் கட்டை குட்டை, இடைவெளி குறைவு. அதில் சேறோ ஈரப்பனியோ அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பாகி வழுக்கும். லோடர் (முன்வாளியால் அள்ளும்) வேலைதான் பிரதானம் என்றால் மட்டும் ஆர்-4.

பின் டயரில் வால்வை மேலே நிறுத்தி, அந்த மட்டம் வரை (சுமார் 75%) திரவம் நிரப்பினால் பிடிப்பு இன்னும் கூடும். வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு உறையாது, ஆனால் டியூப் இல்லாவிட்டால் ரிம்மை அரித்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் (4WD) டிராக்டரில் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள். முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் பிசகினால் பல்சக்கரங்கள் தேயும்.

இறுகிய பனிக்கட்டியில் ஆர்-1-ம் வழுக்கும், அங்கே சங்கிலிதான். புல்தரையில் ஓட்டுபவருக்கு ஆர்-3. ஆர்-1 புல்லைக் கிழித்துவிடும்.