பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே அம்மா செய்ய வேண்டியவை

பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டும் நாளில்தான் நம்மில் பலருக்குப் பல் பற்றிய எண்ணமே வருகிறது. அதற்குள் பாதி வேலை அம்மாவின் வாயில் முடிந்திருக்க வேண்டும். பல்லைச் சூத்தையாக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். இது பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மாவின் எச்சில் வழியாகவே போய்ச் சேர்கிறது. அம்மாவின் வாயில் அடைக்காத சூத்தைகள் இருந்தால் கிருமியும் அதிகம், பிள்ளைக்குச் சீக்கிரம் தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

படி 1: வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பல்லைக் காட்டுங்கள்

எப்போதும் போகலாம், 4 முதல் 6 மாதம் வரை உங்களுக்கு வசதியாக இருக்கும். மூதூரோ நிலாவெளியோ, கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எங்கே போவது என்று சொல்வார். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. விறைக்க ஊசி போட்டுப் பல் அடைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் வேண்டாம். கர்ப்பம் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், போதும்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை அம்மாவின் பல்லிலிருந்து கல்சியம் எடுப்பதில்லை. வாந்தியில் வரும் அமிலமும், அடிக்கடி இனிப்புக் கொறிப்பதும், பல் துலக்கப் பஞ்சிப்படுவதும்தான் பல்லைக் கெடுக்கின்றன. வாந்தி எடுத்தவுடன் துலக்காதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். முரசில் இரத்தம் கசிந்தாலும் துலக்குவதை விட்டுவிடாமல் மென்மையான பிரஷுக்கு மாறுங்கள்.

படி 2: கரண்டியும் போத்தலும்

சோற்றை மென்று ஊட்டுவது, சூப்பியை வாயில் வைத்துத் துடைப்பது இரண்டையும் நிறுத்துங்கள். அம்மம்மாவுக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள். கொஞ்சுவதை நிறுத்த வேண்டாம். கிருமியைவிடச் சீனிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்: சீனி போட்ட பால் போத்தலோடு தூங்கவிட்டால், இரவு முழுக்க அது முன்பற்களில் தேங்கி நிற்கும். பிளேன்ரீயில் தோய்த்த ரஸ்க்கும் அடிக்கடி வேண்டாம்.

படி 3: முதல் பல்லிலிருந்தே பற்பசை

ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பல் வரும். அன்றே தொடங்குங்கள். புளோரைட் 1000 பிபிஎம் (ppm, அதன் செறிவைக் காட்டும் அளவு) உள்ள பற்பசை, 3 வயது வரை ஓர் அரிசி அளவு. காலையிலும் படுக்கும் முன்பும் துலக்க வேண்டும், அதுவும் நீங்களே.

படி 4: உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் தலையை மடியில் வைத்து மேலுதட்டை மெல்ல உயர்த்துங்கள். மேல் முன்பற்களில், முரசை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? சூத்தை அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் புளோரைட் பூசி அதைத் திருப்பிவிட முடியும். மண்ணிறமாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். அதனால் கோட்டைக் கண்ட அந்த வாரமே பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். "பால்பல்தானே, விழத்தானே போகுது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.